மூவர் எழுதிய தேர்வு

1913ஆம் ஆண்டு. இலண்டன் மாநகர். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் தேர்வுக் குழு புதியதொரு தேர்வை நடத்துகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் இத்தேர்வை எழுதலாம்; தேறினால் சான்றிதழ் பெறலாம்; அச்சான்றிதழைக் கொண்டு தத்தம் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகலாம். கட்டணம் மூன்று பவுன். எழுத வந்தோர் மூவர். மூவரும் எழுதினர்; மூவரும் தோற்றனர்!

இன்று உலகெங்கும் பல இலட்சம் பேர் எழுதும் கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளின் பிறப்பு இப்படித்தான் நிகழ்ந்தது. தோற்ற மூவர் மீது நமக்கு இரக்கம் பிறக்கிறது. ஆனால் இரக்கத்தோடு நின்றுவிடாமல், அவர்கள் முன் வைக்கப்பட்ட வினாத்தாளைச் சற்றே விரித்துப் பார்ப்போம், வாருங்கள்.

தேர்வு மொத்தம் 12 மணி நேரம். ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்க்க 2 மணி. அம்மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கவும், இலக்கண வினாக்களுக்கு விடை தரவும் 2½ மணி. கட்டுரைக்கு 2 மணி. ஆங்கில இலக்கியத்துக்கு 3 மணி. ஒலியியலுக்கு 1½ மணி. சொல்வதை எழுத அரை மணி. வாய்விட்டுப் படிக்கவும் உரையாடவும் அரை மணி. இலக்கியத் தாள் அயலாருக்கென ஆக்கப்பட்டதன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் எழுதிய அதே தாள்! நீந்தக் கற்க வந்தவனை நடுக்கடலில் தள்ளி, கப்பலோட்டியோடு போட்டியிடச் சொன்னது போல.

இலக்கண வினாக்கள் எத்தகையவை? வினைச் சொற்களின் இறந்தகால வடிவங்களை எழுதி, வன்மை, மென்மை என வகைப்படுத்த வேண்டும். சில வாக்கியங்களைத் தந்து, பிழையென்றால் திருத்து, பிழையன்றென்றால் காரணம் காட்டி நியாயப்படுத்து என்றனர். அந்தப் பிழைகளோ, ஆங்கில நாளேட்டு ஆசிரியர்களே நாள்தோறும் செய்து வந்தவை. அவை பிழைதாமா என்பதில் ஆங்கிலப் புலவர்களுக்கே அன்று கருத்தொற்றுமை இல்லை.

கட்டுரைத் தலைப்புகள் ஆறு. எலிசபெத் காலத்துக் கடற்பயணங்கள், உள்ளாட்சியின் வளர்ச்சி என்பன சில. அவற்றுள் ஒன்று, 1857இல் இந்தியச் சிப்பாய்கள் நடத்திய கிளர்ச்சி! பாரிசிலிருந்தோ பெர்லினிலிருந்தோ வந்தவர், தம் ஆங்கில அறிவை மெய்ப்பிக்க மீரத்துச் சிப்பாய்களைப் பற்றி எழுத வேண்டும். மற்றொரு தலைப்பு, மாத்யூ ஆர்னால்டு.

இந்த ஆர்னால்டைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கவிஞர் என்றும் திறனாய்வாளர் என்றும் உலகம் அறிந்த இவர், 1851 முதல் 35 ஆண்டுகள் வயிறு வளர்த்தது பள்ளி ஆய்வாளர் உத்தியோகத்தில். 1862இல் இங்கிலாந்து அரசு, பிள்ளைகள் வாசித்தும் எழுதியும் கணக்கிட்டும் காட்டும் திறனைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம் என்றொரு திட்டம் கொண்டு வந்தது. விளைவு? பணம் வேண்டிய பள்ளிகள் பாடநூலை வரி பிசகாமல் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்தன. ஆய்வாளர் வந்து நின்றால், பிள்ளை ஏட்டைக் கையில் ஏந்தி, மனத்திலிருந்ததை ஒப்பித்தது. வாசிக்கத் தெரியாமலே வாசிப்புத் தேர்வில் தேறிவிட முடிகிறது என்று ஆர்னால்டு தம் அறிக்கையில் எழுதினார். அவர் பெயரைக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்த கனவான்கள், அவர் எழுதிய அந்த அறிக்கையை எத்துணை மனங்கொண்டனரோ!

ஏனெனில், 12 மணி நேரத் தேர்வில் இல்லாத ஒன்று உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்து, அமைதியாகப் படிக்கச் செய்து, படித்ததன் பொருள் விளங்கிற்றா என்று நேரடியாகக் கேட்கும் தனித்தாள் இல்லை. மொழிபெயர்ப்பில் அது மறைந்திருக்கிறதே என்பீர்கள். உண்மை, ஓரளவு இருக்கிறது. ஆனால் அங்கே அளக்கப்படுவது வாசிப்பு மட்டுமன்று. பிரெஞ்சில் எழுதும் ஆற்றலும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிட்டு, இதில் பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

வாசிப்பு ஏன் விடப்பட்டது? மறதியால் அன்று. இலக்கணம் அளக்க எளியது; வாசிப்பு அளக்க அரியது. இறந்தகால வடிவம் ஒன்றுதான். எழுதினால் சரி, எழுதாவிட்டால் தவறு. சிவப்பு மைக்கு வேலை முடிந்தது. வாசிப்போ மண்டைக்குள்ளே நடப்பது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேளாது. அதை வெளியே இழுத்து எப்படி மதிப்பெண் போடுவது? எனவே அளக்கக் கூடியதை அளந்தனர். அளந்ததையே அறிவு என்றனர்.

இலக்கணம் தெரிந்தால் பொருளும் தெரிந்ததாகாதா என்று கேட்கும் நண்பர்களுக்காக ஒரு சிறு சோதனை. இதோ ஒரு வாக்கியம்: 'கிளுவம் முளுவத்தைத் துளுவியது.' எழுவாய் எது? கிளுவம். செயப்படுபொருள்? முளுவம். பயனிலை? துளுவியது. காலம்? இறந்தகாலம். திணை? அஃறிணை. வேற்றுமை? இரண்டாம் வேற்றுமை, விரி. ஆறு வினாவுக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள். கிளுவம் என்றால் என்ன? அது முளுவத்தை என்ன செய்தது? யானும் அறியேன், நீங்களும் அறியீர்கள். சற்று முன் இட்டுக்கட்டிய வெற்றொலிகள் அவை.

இந்தக் கிளுவ இலக்கணந்தான் நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு ஆங்கிலக் கல்வி என்று கோலோச்சியது.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் பிறந்தன. அவை பிறந்தபோது கற்பிக்கும் நிலையங்களாகப் பிறக்கவில்லை. தேர்வு நடத்தும் அலுவலகங்களாகவே பிறந்தன. வாயிலில் நின்றது மெட்ரிகுலேஷன். அதன் தாழ்ப்பாள் ஆங்கிலம். தாழ் திறந்தால் கல்லூரி உண்டு, கச்சேரியில் எழுத்தர் வேலை உண்டு. திறவாவிட்டால் வந்த வழியே வயலுக்குத் திரும்ப வேண்டியதுதான். அக்காலத்தில் தேறாதவனுக்குங்கூட ஒரு பட்டம் கிடைத்தது: 'மெட்ரிகுலேஷன் ஃபெயில்!' அதையும் விண்ணப்பத்தில் எழுதினார்கள். தோல்வி வரையிலாவது எட்டியவன் என்பதே ஒரு தகுதி.

அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கச் சாவி செய்து தந்தவர் நெஸ்ஃபீல்டு. 1890களில் வெளிவந்த அவருடைய ஆங்கில இலக்கண நூல்கள் இந்தியா முழுதும் பரவின. பின்னர் 1930களில் ரென், மார்ட்டின் என்னும் இருவர் பெயர் தாங்கிய இலக்கணம் அந்த இடத்தைப் பிடித்தது. (அந்த ரென் யாரென்று தெரியுமோ? பாலைவனப் படை வீரர்களைப் பற்றிப் பரபரப்பான நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். கதையில் காட்டிய விறுவிறுப்பில் கடுகளவேனும் இலக்கணத்தில் காட்டியிருக்கக் கூடாதா!) சொல்லைப் பிடி, அதன் வகை சொல், பால் சொல், எண் சொல், வேற்றுமை சொல் என்று வாக்கியத்தை அக்கக்காகப் பிரிக்கும் 'பார்சிங்' பயிற்சி வகுப்பறைகளில் ஓங்காரமாய் ஒலித்தது. கோழியைக் கழுத்தறுத்து உறுப்புறுப்பாக எடுத்துக் காட்டினார்கள். கோழி எப்படி நடக்கும் என்பதை மட்டும் காட்டவில்லை.

பலன் என்ன? இதை நாம் சொன்னால் அயல்மொழி மீது காழ்ப்பு என்பார்கள். கர்சன் பிரபு அமைத்த பல்கலைக் கழக ஆணையமே 1902இல் சொன்னது. மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள், அங்கே ஆங்கிலத்தில் நிகழும் விரிவுரையைப் புரிந்துகொள்ள முடியாதிருக்கிறார்கள் என்று அது முறையிட்டது. பாடநூலையும் அதற்கான உரைச் சுவடியையும் உருப்போட்டே தேறிவிடுகிறார்கள் என்பதால், நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்குப் பாடநூலே குறிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நோயைச் சரியாகத்தான் கண்டார்கள். தேர்வு நல்கிய சான்றிதழ் ஒன்றைச் சொல்லிற்று. சான்றிதழைச் சுமந்த மாணவனின் நிலை வேறொன்றைச் சொல்லிற்று.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 1903இல் கும்பகோணத்துப் பள்ளி மாணவன் ஒருவன் கையில் கார் என்பவர் தொகுத்த ஆங்கிலக் கணித நூல் ஒன்று கிடைத்தது. துணைக்கு ஆசிரியரில்லை. தானே படித்தான், ஆயிரக்கணக்கான தேற்றங்களை ஒவ்வொன்றாய்த் தானே நிறுவிப் பார்த்தான். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தான். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினான், உதவித்தொகை பறிபோயிற்று, படிப்பும் நின்றது. பெயர் சீனிவாச இராமானுசன். கார் எழுதிய நூலில் சொல் குறைவு, சூத்திரம் மிகுதி; ஆகவே அதைப் படித்தது கொண்டு ஆங்கிலத்தில் வல்லவன் என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. ஆனால் தனக்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தனக்கு வேண்டிய அளவுக்குப் படித்துணர்ந்தவனை, அவனுக்கு வேண்டாத ஆங்கிலத்தைக் காட்டி வெளியே தள்ளியது அந்தத் தேர்வு என்பதில் ஐயமில்லை. கேம்பிரிட்ஜுக்கு அவன் எழுதிய கடிதம் ஹார்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் 1913ஆம் ஆண்டில்தான்! அங்கே மூன்று பேரைத் தோற்கடித்த தேர்வு நடந்த அதே ஆண்டு.

இவையெல்லாம் அளக்க எண்ணி அளக்கத் தெரியாமல் போன கதைகள். அளக்க எண்ணமே இல்லாமல் தடுப்பதற்கென்றே வைத்த மொழித் தேர்வும் ஒன்று உண்டு. அதையும் பார்த்துவிட்டு மேலே செல்வோம்.

1897இல் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் குடியேற்ற அரசு ஒரு சட்டம் இயற்றியது. குடிபுக வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். இந்தியன் வரக்கூடாது என்று சட்டத்தில் ஒரு சொல் இல்லை. ஆனால் இந்தியனைத் தடுக்கவே அந்தச் சட்டம். கரும்புத் தோட்டத்தில் உழைக்கத் தமிழனையும் தெலுங்கனையும் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற மண், சொந்தச் செலவில் வணிகம் செய்ய வந்த இந்தியனிடம் மட்டும் மொழியறிவு கேட்டது. நிறத்தைப் பெயர் சொல்லித் தடுக்காமல் இந்த வழியைப் பின்பற்றலாமே என்று குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் அதே ஆண்டில் மற்றக் குடியேற்றங்களுக்குக் குறிப்புக் காட்டினார்.

ஆஸ்திரேலியா 1901இல் அதைக் கைக்கொண்டது, நெட்டாலையும் விஞ்சியது. 50 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் வாசிப்பார். வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி? அதிகாரி விரும்பும் மொழி! ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேறொன்று; அந்த வேறொன்றும் தெரிந்தவனுக்கு இன்னொன்று. 1902, 1903ஆம் ஆண்டுகளில் 805 முறை நடந்ததில் 46 பேர் தேறினர். 1904 முதல் 1909 வரை 554 முறை நடந்ததில் 6 பேர். அதன் பிறகு ஒருவருமே தேறவில்லை. 1934இல் செக் நாட்டு எழுத்தாளர் எகான் கிஷ் வந்து சேர்ந்தார். பாசிசத்தை எதிர்த்துப் பேச வந்தவர். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். அவருக்கு ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. சட்டம் கருதும் ஐரோப்பிய மொழிகளுள் அந்தக் கேலிக் மொழி அடங்காது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஸ்காட்லாந்து ஐரோப்பாவில் இல்லையோ என்று நாம் நகைக்கலாம். கிஷ்ஷுக்கு அத்தீர்ப்பு உதவிற்று. 1958இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் தகுதி, தகுதி என்று தாளம் போடுவோர் அந்த 554இல் 6 என்ற கணக்கை ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, அளக்க மெய்யாகவே முயன்றவர்களிடம் வருவோம்.

1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரு வேடிக்கை செய்தனர். உயர்நிலைப் பள்ளி மாணவன் எழுதிய ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பி, திருத்தித் தரும்படி கேட்டனர். 142 ஆசிரியர்கள் திருத்தினர். ஒரே தாள், அதே எழுத்து. ஒருவர் 64 கொடுத்தார். மற்றொருவர் 98 கொடுத்தார். எஞ்சியோர் இடையிலே எங்கெங்கோ நின்றனர். மாணவன் தேறினான் என்பது அவன் அறிவைச் சொல்கிறதா, அவன் தாள் யார் மேசைக்குப் போயிற்று என்பதைச் சொல்கிறதா? தலையெழுத்து என்று நம்மவர் சொல்வதெல்லாம் பல வேளைகளில் இப்படி யாரோ ஒருவரின் கையெழுத்தாகத்தான் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து தேடியவர் ஃபிரெடரிக் கெல்லி. 1915இல் கன்சாஸ் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அமைதி வாசிப்புத் தேர்வொன்றை ஆக்கினார். படிக்கச் சிறு சிறு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை. கொடுத்த சொற்களில் ஒன்றைக் கோடிட்டோ வட்டமிட்டோ காட்டினால் போதும். யார் திருத்தினாலும் மதிப்பெண் மாறாது. கொடுத்த விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் முறை பெருவழக்காயிற்று. திருத்துவோரின் மனப்போக்கு ஒழிந்தது. குருட்டுக் குறி உள்ளே நுழைந்தது. நான்கு விடைகளில் ஒன்று எனில், 40 வினாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகப் பத்து சரியாக அமைந்துவிடும். எனினும் ஒன்றை மறவாதீர்கள்: மண்டைக்குள் நடக்கும் வாசிப்புக்கு வெளியிலிருந்து ஒரு சாளரம் திறந்தது அப்போதுதான்.

அந்தச் சாளரத்தின் வழியே கூர்ந்து நோக்கியவர் தார்ண்டைக். 1917இல் அவர் எழுதிய ஆய்வுரையின் தலைப்பே 'வாசிப்பு என்பது பகுத்தறிதல்' என்று பொருள்படும். நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு அது. ஒரு பத்தி: ஃபிராங்க்ளின் என்னும் ஊரில் ஏழு வயதுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பள்ளி நடக்கும் நாளெல்லாம் வந்தாக வேண்டும், இன்ன இன்ன காரணங்களால் மட்டுமே வராதிருக்கலாம். இதைப் படித்த பிள்ளைகளிடம், இப்பத்தி எதைப் பற்றியது என்று கேட்டார். சிலர் ஃபிராங்க்ளின் என்று மட்டும் எழுதினர். சிலருக்கு ஃபிராங்க்ளின் பள்ளிக்குப் போகும் ஓர் ஆளாகிவிட்டான். ஆங்கிலமே தாய்மொழி, சொல் ஒவ்வொன்றும் தெரிந்த சொல், இலக்கணமோ பிறவியிலேயே வந்தது. பின் ஏன் தவறு? ஏதோ ஒரு சொல் அளவுக்கு மீறி ஓங்கி நின்று மற்றச் சொற்களை அமுக்கிவிட்டது. 'தவிர', 'ஆயினும்' போன்ற சிறு சொற்கள் தமக்குரிய எடையைப் பெறவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, கொள்ள வேண்டியதைக் கொண்டு, சேர்த்துப் பார்க்கும் வேலைதான் வாசிப்பு என்றார் தார்ண்டைக். மேடையில் ஒருவன் முழங்குவதைக் கேட்டுச் சீர்தூக்குபவன் செய்யும் வேலையும், அமைதியாக ஏட்டைப் படிப்பவன் செய்யும் வேலையும் ஒன்றே.

இங்கே மறுபடி நம் கிளுவத்துக்கு வருவோம். 'முளுவத்தைத் துளுவியது எது?' என்று கேட்டால், 'கிளுவம்' என்று விடை எழுதி, பொருள் விளங்கிற்று என்ற பாராட்டும் பெற்றுவிடலாம். வாசிப்புத் தேர்வு என்று பெயர் சூட்டியதால் மட்டும் ஒரு வினா வாசிப்பை அளந்துவிடாது. பத்தியிலிருந்து வரியைப் பிய்த்து, ஒரு சொல்லை மாற்றி வைத்துக் கேட்கும் வினாக்கள் நம் பள்ளித் தாள்களில் எத்தனை எத்தனை! கோடிட்டுக் காட்டும் கையேடுகள் அவற்றை நம்பித்தானே கடை விரித்திருக்கின்றன!

அமெரிக்கர் சோதித்தது ஆங்கிலத்திலேயே பிறந்த பிள்ளைகளை. அயல்மொழியாக ஆங்கிலம் பயிலும் பிள்ளையின் வாசிப்பை ஆய்ந்தறிந்த பெருமுயற்சி ஒன்று நம் துணைக்கண்டத்திலேயே நடந்தது. இடம் டாக்கா. ஆய்ந்தவர் மைக்கேல் வெஸ்ட்; அங்கு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். 1926இல் வங்காளத்தின் இருமொழி நிலை பற்றி அவர் எழுதிய பெரிய அறிக்கையை இந்திய அரசின் கல்வித் துறை வெளியிட்டது.

வெஸ்ட் வங்காளத்துப் பள்ளிகளைப் பார்த்தார். சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முடிவு வரை இருப்பதில்லை. வறுமை இழுக்கிறது, வயல் அழைக்கிறது, நடுவிலே நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றவனுக்கு, அதுவரை படித்ததால் கையில் மிஞ்சியது என்ன? இந்தக் கேள்விக்கு அவர் காப்புறுதித் தொழிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாண்டார்: சரண் மதிப்பு. ஆயுள் காப்பீடு செய்தவர் நடுவில் தவணை கட்ட முடியாமல் போனால், கட்டிய பணத்துக்கு ஈடாக ஏதோ ஒரு தொகையாவது திரும்பக் கிடைக்குமல்லவா? அதுபோல, மூன்றாண்டு படித்து நின்றவனுக்கு மூன்றாண்டின் பயன் கிடைக்க வேண்டும். இலக்கண விதி மூன்றாண்டு படித்தவனுக்குச் சரண் மதிப்பு சுழி. அரைகுறைப் பேச்சு, பேச ஆளில்லாத ஊரில், ஓராண்டில் மறந்து போகும். ஆனால் எளிய நூலொன்றைத் தானே எடுத்துப் படிக்கப் பழகியவனுக்கு அது நிற்கும். படிக்கப் படிக்க வளரவும் செய்யும்.

ஏழைப் பிள்ளையின் பக்கம் நின்று தேர்வையும் பாடத்தையும் நோக்கிய கேள்வி அது. முடித்து வெளியேறும் சிலரை வைத்தே கல்வியை மதிப்பிட்ட காலத்தில், முடிக்காமல் போகும் பலரை எண்ணிப் பார்த்தவர் வெஸ்ட்.

எண்ணியதோடு அமையவில்லை. வாசிப்புத் தேர்வுகளை ஆக்கிப் பிள்ளைகளைச் சோதித்தார். பழைய வாசகங்களைப் புரட்டி எண்ணினார். புதுச் சொற்கள் வரிக்கு வரி வந்து குவிந்து, பிள்ளையை முடக்குவதைக் கண்டார். சொற்களை எண்ணி, வேண்டியவற்றைப் பொறுக்கி, புதுச் சொல் ஒன்று வந்தால் அது பல முறை திரும்ப வரும்படி அமைத்துப் புதுமுறை வாசகங்களை எழுதினார். அவ்வழியே வளர்ந்து 1953இல் வெளிவந்ததுதான், ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அவருடைய பொதுச் சொற்பட்டியல். இன்றும் சொல்லாய்வாளர் அதை எடுத்துப் பேசுகின்றனர்.

வெஸ்ட் சொன்னது யாவும் வேதம் என்று நாம் கொள்ளத் தேவையில்லை. அவர் ஆங்கில அரசின் அலுவலர். அறிவியல் நூல்கள் வங்க மொழியில் குறைவு, ஆகவே ஆங்கில வாசிப்புத் தேவை என்றார்; குறைவாயிருந்தது ஏன், யார் ஆட்சியில் குறைந்தது என்ற கேள்விக்குள் அவர் வெகு தூரம் செல்லவில்லை. தாய்மொழியில் நூல் பெருக்குவது ஒரு கடமை. அது நிறைவேறும் வரையிலும், நிறைவேறிய பின்னும், உலகத்து ஏடுகளைத் தானே படித்தறியும் ஆற்றல் மற்றொரு தேவை. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

கேம்பிரிட்ஜ் தேர்வு என்னாயிற்று என்று கேட்பீர்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதுவோர் ஏறத்தாழ 15 பேர் என்ற நிலைக்கு வந்து, மூடிவிடலாமா என்றுகூட எண்ணினர். ஜேக் ரோச் என்னும் அலுவலர் அதை மீட்டார். 1932இல் ஒலியியல் தாள் போயிற்று. 1939இல் சற்றே எளிய தேர்வொன்று கீழ்ப்படியாகச் சேர்ந்தது. வாசிப்புக்கெனத் தனித்தாளும், கேட்டறிதலுக்கெனத் தனித்தாளும் கொண்ட ஐந்து தாள் அமைப்பு 1975இல்தான் வந்தது. அமெரிக்காவில் 1964இல் டோஃபெல் தேர்வு தொடங்கியது. முதல் முறை எழுதியவர் 920 பேர். அதில் வாசிப்புக்கு ஒரு பகுதி, வாக்கிய அமைப்புக்கு ஒரு பகுதி, சொல்வளத்துக்கு ஒரு பகுதி என்று தனித்தனியே வகுத்திருந்தனர். 2005இல் இணையவழித் தேர்வாக மாறியபோது இலக்கணத்துக்கென்றிருந்த தனிப்பகுதியையே எடுத்துவிட்டனர். கேம்பிரிட்ஜ் தன் பழைய தேர்வில் வாசிப்பையும் மொழிப் பயன்பாட்டையும் 2013இல் ஒரே தாளாக இணைத்தது. மூவர் தோற்று, சரியாக நூறாண்டு!

இலக்கணத்தைத் தனியே அளந்தால் ஒரு விடை, பொருளோடு சேர்த்து அளந்தால் வேறொரு விடை வருமா? வரும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு.

1979 முதல் 1984 வரை, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களில் சில பள்ளி வகுப்புகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார். 1950கள் தொட்டு இங்கே நிலவி வந்தது வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கும் முறை. பிரபுவின் வகுப்பில் இலக்கணப் பாடம் இல்லை; வாய்பாடு இல்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றை ஆங்கிலத்தில் தந்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்பது போன்ற சிக்கல்களை ஆங்கிலத்திலேயே சிந்தித்துத் தீர்க்கச் சொன்னார். முதலில் வகுப்பு முழுதும் சேர்ந்து ஒன்று. பிறகு அதுபோன்ற மற்றொன்றை ஒவ்வொருவரும் தனியே. வகுப்பில் பாதிப் பேராவது, பாதியளவாவது சரியாகச் செய்திருந்தால்தான் அந்தப் பாடம் வெற்றி என்பது அவர் வைத்துக்கொண்ட அளவை. முதல் மாணவன் எத்தனை வாங்கினான் என்பதன்று அவர் கேட்டது.

1984இல் பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் வந்து, பிரபுவின் வகுப்புகளையும் பழைய முறை வகுப்புகளையும் நான்கு பள்ளிகளில் ஒப்பிட்டு அளந்தனர். கடலூரும் சென்னையும் அதில் அடக்கம். தேர்வை அமைத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. பழைய முறைக்கு உகந்த வாக்கிய அமைப்புத் தேர்வு ஒன்று. பிரபுவின் முறைக்கு உகந்த சிக்கல் தீர்க்கும் தேர்வு ஒன்று. ஒருவர் பக்கமும் சாயாதனவாக மூன்று: சூழலோடு வரும் இலக்கணம், சொல்வதை எழுதுதல், கேட்டும் படித்தும் பொருளறிதல்.

வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறை மாணவர் கை ஓங்கியது. சிக்கல் தீர்ப்பதில் பிரபுவின் மாணவர் கை ஓங்கியது. அதில் வியப்பில்லை. சாராத மூன்றிலும் பெரும்பாலான இடங்களில் முந்தியவர்கள், இலக்கணப் பாடமே படிக்காத பிரபுவின் மாணவர்கள். சூழலோடு தந்தபோது இலக்கணத்திலும் முந்தினார்கள்! இது ஐயத்துக்கு அப்பாற்பட்ட முடிவன்று. வகுப்புகள் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல. இரு பக்கத்து ஆசிரியர்களும் ஆர்வத்தில் சமமானவர்கள் என்று கூற இயலாது. இத்தகைய குறைகளைப் பிற ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். அளந்தவர்களும் தங்கள் முடிவைத் தயக்கத்தோடுதான் வெளியிட்டனர், பிரபுவின் கூற்றுக்கு ஓரளவு ஆதரவு கிடைத்திருக்கிறது என்ற அளவில். பிரபு தம் சோதனையை 1987இல் ஒரு நூலாக எழுதினார். மொழி கற்பித்தல் பற்றிப் படிக்கும் அயல்நாட்டு மாணவர்களும் அதைப் பயில்கிறார்கள். கடலூர் வகுப்பறை ஒன்றில் கால அட்டவணையை விரல் வைத்துப் படித்த பிள்ளைகள் யார் யாரோ, இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார்கள்.